சி.ஆர்.பி. 16

பி.காம். படிக்கிற எனக்கு சி.ஆர்.ஆர். தெரியும். வங்கிகள் ரிசர்வ் வங்கியில் கட்டாயம் போட்டு வைக்க வேண்டிய பணம். பரீட்சையில் அஞ்சு மார்க் கேள்வி. சி.ஆர்.பி. என்று ஒன்று இருப்பது போன வருஷம் ஐப்பசி வரைக்கும் தெரியாது. அக்காவுக்குக் குழந்தை பிறந்த இரண்டாவது நாள், ஆஸ்பத்திரி லேபில் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து, "டாக்டரம்மாகிட்ட காட்டுங்க" என்று அனுப்பினார்கள். சி.ஆர்.பி. 16 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அச்சடித்திருந்த நார்மல் அளவு, 10-க்குள். வித்தியாசம் ஆறு. அந்த ஆறு கொஞ்சமா நிறையவா, பயப்படவா வேண்டாமா என்று தெரியாமலே மூன்று மாடி ஏறினேன்.

குழந்தை முதல் நாள் நன்றாகப் பால் குடித்தான். இரண்டாம் நாள் காலையில் வாயில் வைத்தால் இரண்டு இழுப்பு, அதோடு தூக்கம். தட்டி எழுப்பினாலும் கண்ணைத் திறக்கவில்லை. ஆச்சி பார்த்துவிட்டு, "பிள்ள பாலு குடிக்க மாட்டேங்கான், இது மாந்தந்தான்" என்றாள். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தால் போதும் என்பது அவள் கட்சி. நர்ஸ் வந்து கையைத் தொட்டுப் பார்த்தார், ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினார், டாக்டரைக் கூப்பிட்டார். உடனே ரத்தம் எடுத்தார்கள். ஆச்சிக்கு அதில்தான் கோபம். "பிள்ளைக்கு இருக்கதே ஒரு கை ரெத்தம், அதயும் உறிஞ்சுதாவளே!"

ஆச்சி சொன்னது கணக்குப்படி சரிதான். பிறந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 முதல் 85 மில்லி ரத்தம். மூன்று கிலோ குழந்தை என்றால் மொத்தமே 250 மில்லி. வீட்டில் காப்பி குடிக்கிற பெரிய டம்ளரில் அடங்கிவிடும். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ஒரு மில்லியாவது வேண்டும். அதற்குக் குறைத்து எடுத்தால் கிருமி இருந்தாலும் சிக்காமல் போகலாம்.

சரி, இவ்வளவு அவசரமாக ஏன் எடுக்க வேண்டும்? பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும், நடுங்கும், இங்கே வலிக்கிறது என்று வாய் சொல்லும். பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம். பல சமயம் உடம்பு சூடாவதற்குப் பதில் சில்லிட்டுப் போகும். பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும், மூச்சு வேகமாகும். இதே அடையாளங்கள் சர்க்கரை குறைந்தாலும் வரும், குளிர்ந்தாலும் வரும், குறைமாதக் குழந்தை என்றால் ஒன்றுமே இல்லாமலும் வரும். ஆனால் உண்மையிலேயே கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். கல்ச்சர் முடிவு வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் இடைவெளியை நிரப்பத்தான் மற்ற ரத்தப் பரிசோதனைகள் எல்லாம்.

நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இதற்கு "செப்சிஸ் ஸ்க்ரீன்" என்று ஒரு கட்டு வைத்திருக்கிறார்கள். ஐந்து சோதனை. வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை 5000-க்குக் கீழே போயிருக்கிறதா, அதில் நியூட்ரோஃபில் என்ற வகை குறைந்திருக்கிறதா, முதிராத நியூட்ரோஃபில்கள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறதா (சண்டைக்கு ஆள் போதாமல் பயிற்சி முடியாதவனையும் எல்லைக்கு அனுப்புகிற மாதிரி, எலும்பு மஜ்ஜை முதிராத அணுக்களை வெளியே விடும்), மைக்ரோ இ.எஸ்.ஆர். கூடியிருக்கிறதா, சி.ஆர்.பி. கூடியிருக்கிறதா. ஐந்தில் இரண்டாவது மாறியிருந்தால் ஸ்க்ரீன் பாசிட்டிவ். இதில் எனக்கு மிகவும் பிடித்தது மைக்ரோ இ.எஸ்.ஆர். குதிகாலில் குத்தி, வைக்கோல் துரும்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி வைத்து, சிவப்பு எவ்வளவு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் அளப்பது. அவ்வளவுதான். 15-க்கு மேல் என்றால் சந்தேகம். கரண்டு கூட வேண்டாம்.

சி.ஆர்.பி.க்கு வயது அதிகம். 1930-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். நிமோனியாக் கிருமியின் உடம்பில் "சி" என்று பெயர் வைத்த ஒரு பொருளோடு ஒட்டிக்கொண்டதால் அந்தப் பெயர். இது கிருமி இல்லை, கிருமியின் விஷமும் இல்லை. நம் கல்லீரலே தயாரிக்கிற புரதம். உடம்பில் எங்காவது அழற்சி என்றால் கல்லீரலுக்குத் தகவல் போய் இது பெருகும். கிருமியாலும் பெருகும், பிரசவம் இழுத்துக்கொண்டே போனாலும் பெருகும், குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அதை மூச்சில் இழுத்துவிட்டாலும் பெருகும். அக்காவுக்கு வலி வந்து குழந்தை பிறக்க ஒன்றரை நாள் ஆனது. அப்படியானால் இந்த 16 கிருமியினாலா, பிரசவத்தினாலா?

டாக்டரம்மாவிடம் இதையே கேட்டேன். "தம்பி, இந்த ஒரு நம்பரை வெச்சு இன்ஃபெக்‌ஷன் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. மருந்து ஆரம்பிச்சிருக்கோம். நாளைக்கு இதே நேரம் மறுபடி எடுப்போம்" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. தெரியாது என்று சொல்ல எதற்கு ஒரு டெஸ்ட்டு? ஊருக்கு வந்தபின் படித்துப் பார்த்ததில், அவர் அன்று ஒரு வரியில் சொன்னதற்குப் பின்னால் ஐம்பது வருஷத்துக் கதை இருக்கிறது.

கிட்டத்தட்ட இதே மாதிரி ஐந்து சோதனைகளைக் கட்டாகச் சேர்த்து 1980-ல் பிலிப், ஹெவிட் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிறந்து ஒரு வாரத்துக்குள், தொற்று இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட குழந்தைகள். இரண்டோ அதற்கு மேலோ சோதனை மாறியிருந்தால் உண்மையில் தொற்று இருக்கும் வாய்ப்பு 39 சதவீதம். அதாவது "ஆமாம்" என்று சொன்னதில் பாதிக்கு மேல் பொய். ஆனால் ஒன்றோ, ஒன்றுகூட இல்லாமலோ இருந்தால், தொற்று இல்லை என்பதற்கான வாய்ப்பு 99 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பார்த்ததும் எனக்கு ஆடிட்டிங் வகுப்பு ஞாபகம் வந்தது. (சிரிக்காதீர்கள்.) முழுத் தணிக்கை செய்தால் ஆடிட்டர், கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்று கையெழுத்துப் போடுவார். காலாண்டுக் கணக்குக்கு அவ்வளவு நேரம் கிடையாது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "கணக்குகள் தவறு என்று கருதும்படியாக எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை" என்று எழுதுவார். எதிர்மறை உறுதி என்று இதற்குப் பெயர். முதல் தடவை படித்தபோது இதெல்லாம் ஒரு சான்றிதழா, தப்பித்துக்கொள்கிற பேச்சு என்று நினைத்தேன். செப்சிஸ் ஸ்க்ரீன் தருவது அதே எதிர்மறை உறுதிதான். திருடனைப் பிடித்துக் கொடுப்பது அதன் வேலை இல்லை.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சந்தேகத்தின் பேரில் சேர்த்த 1000 குழந்தைகள்; அவர்களில் 60 பேருக்கு உண்மையில் தொற்று என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 80 தடவை சரியாகச் சொல்கிற ஒரு சோதனை, நோயுள்ளவரிலும் இல்லாதவரிலும். 60 பேரில் 48 பேரைப் பிடிக்கும். மிச்சம் 940 பேரில் 188 பேருக்கு வீணாக மணி அடிக்கும். ஆக மொத்தம் 236 பேருக்கு "ஆமாம்". அதில் நிஜம் 48, ஐந்தில் ஒன்று. "இல்லை" என்று சொன்ன 764 பேரில் தப்பு 12 மட்டும். சோதனை கெட்டது இல்லை. நோயில்லாதவர்கள் கூட்டம் அவ்வளவு பெரியது என்பதால் வருகிற விளைவு.

இதை அத்தானிடம் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து நோட்டில் போட்டுக் காட்டினேன். அவர் கடலுக்குப் போகிறவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம படகுல மீன் காட்டுத மிஷினு மாதிரிலா இருக்கு. திரையில ஒண்ணுமே இல்லன்னா வல விட மாட்டோம். ஏதாச்சும் தெரிஞ்சா, அது மீனா சொறியான்னு வலய இழுத்தாத்தான தெரியும்" என்றார். எனக்கு ஒன்றரைப் பக்கம் பிடித்தது அவருக்கு இரண்டு வாக்கியம்.

ஆனால் அந்த "இல்லை"யையும் எந்த நேரத்திலும் நம்பிவிட முடியாது. அத்தானின் மிஷினுக்கும் இதற்கும் அங்கேதான் வேறுபாடு. தொற்று தொடங்கிய அடுத்த நிமிஷமே சி.ஆர்.பி. ஏறாது. ஏறத் தொடங்கவே ஆறு முதல் எட்டு மணி நேரம். உச்சத்துக்குப் போக ஒன்றரை நாள், இரண்டு நாள். எங்களுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த குழந்தைக்குப் பிறந்த ஆறாவது மணி நேரத்தில் எடுத்த சி.ஆர்.பி. நார்மல். அவர்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். டாக்டர் மட்டும் மருந்தை நிறுத்தவில்லை. மறுநாள் எடுத்ததில் பல மடங்கு ஏறியிருந்தது. அடுத்த நாள் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற கிருமி. முதல் சீட்டை நம்பி வீட்டுக்குப் போயிருந்தால்... நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்தக் குழந்தை இரண்டு வாரம் ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டது.

இதனால்தான் ஒரு சோதனைக்குப் பதில் இரண்டு. 1998-ல் பெனிட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சி.ஆர்.பி.யும் 10-க்குள் இருந்தால், பிறந்த முதல் சில நாட்களில் வருகிற தொற்று இல்லை என்பது 99.7 சதவீதம் உறுதி. டாக்டரம்மா "நாளைக்கு இதே நேரம்" என்று சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

எங்கள் குழந்தைக்கு இரண்டாவது நாள் 11. மூன்றாவது நாள் 6-க்கும் கீழே. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. அதற்குள் பாலும் குடிக்க ஆரம்பித்துவிட்டான். மூன்றாம் நாள் மாலையில் மருந்தை நிறுத்தினார்கள். அம்மாவுக்கு இதில் திருப்தி இல்லை. "ஏழு நாளு போட்டாத்தான கோர்ஸு முடியும்? பாதியில நிறுத்துதாவ?" என்று என்னிடம் கேட்டாள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று டி.வி.யில் கேட்டது. கிருமி இருந்தால் அந்தப் பேச்சு. கிருமியே இல்லாத குழந்தைக்கு முடிக்க வேண்டிய கோர்ஸ் எது?

சும்மா போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு டெல்லிக் கதையைச் சொல்ல வேண்டும். 2011-லிருந்து 2014 வரை டெல்லியில் மூன்று பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில், அங்கேயே பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. நூற்றில் 14 பேருக்குத் தொற்று நோய்; கல்ச்சரில் கிருமி உறுதியானது 6 பேருக்கு. மூன்றில் இரண்டு பங்கு பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தது. அதிகம் கிடைத்த கிருமி அசினிடோபாக்டர். அதில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதது. கிளெப்சியெல்லாவில் 54 சதவீதம். பிறந்து மூன்று நாள் ஆகாத குழந்தை, எந்த மருந்தும் இதுவரை வாங்கியிருக்காத குழந்தை. அதன் ரத்தத்தில் ஏற்கெனவே மருந்துக்கு அடங்காத கிருமி. அந்தக் கடனை அந்தக் குழந்தை வாங்கவில்லை. முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் தேவையோ இல்லையோ ஊற்றிய மருந்தின் பாக்கி அது. எங்கள் பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு மருந்து கேட்டது அதிர்ஷ்டம் என்பதும் அந்த 54-ஐப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆகவே ரத்தப் பரிசோதனையின் பெரிய லாபம், எப்போது மருந்தை நிறுத்தலாம் என்று சொல்வதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை" என்று செய்தித்தாளில் போடும்போது இந்தப் பக்கம் விட்டுப் போகிறது. 2017-ல் நெதர்லாந்து, ஸ்விட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு என்று நான்கு நாடுகளில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 1710 குழந்தைகளிடம் செய்த ஒரு ஆய்வு இதை நேராகவே சோதித்தது. புரோகால்சிடோனின் என்ற இன்னொரு ரத்த அளவைப் பார்த்து மருந்தை நிறுத்துவது ஒரு பிரிவு, வழக்கம்போல நிறுத்துவது இன்னொரு பிரிவு. சராசரியாக 65 மணி நேரம் கொடுத்த மருந்து 55 மணி நேரமாகக் குறைந்தது. பத்து மணி நேரம் சின்ன விஷயமாகத் தெரியலாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்ற எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். (புரோகால்சிடோனினிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்த நோயும் இல்லாத குழந்தைக்கும் பிறந்த முதல் இரண்டு நாளில் அது தானாகவே ஏறி இறங்கும். அதனால் குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆனது என்று பார்த்துத்தான் நார்மல் எது என்று சொல்ல முடியும்.)

புதிதாக வருகிறவை வேறு வழியில் போகின்றன. கிருமியைத் தேடாமல், உடம்பில் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன என்று பார்ப்பது. 2014-ல் எடின்பரோவில் பீட்டர் கசாலின் குழுவினர் 52 மரபணுக்களைக் கொண்ட ஒரு அடையாளத்தை வெளியிட்டார்கள். 2024-ல் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாடு. 720 குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே ரத்தம் எடுத்து வைத்தார்கள். அவர்களில் 15 பேருக்குப் பின்னால் தொற்று வந்தது. பிறந்தபோது எடுத்த ரத்தத்தில் நான்கு மரபணுக்களைப் பார்த்தே, யாருக்கு வரும் என்று பத்தில் ஒன்பது தடவை சொல்ல முடிந்தது. நோய்க்குறி தோன்றுவதற்கு முன்பே. 15 குழந்தைகளை வைத்துக் கட்டிய முடிவு என்பதால் நான் இப்போதே கொண்டாடத் தயாரில்லை. ஆனால் பணக்கார நாட்டில் செய்துவிட்டு ஏழை நாட்டுக்கு அனுப்பாமல், வேண்டிய இடத்திலேயே செய்தது பிடித்திருக்கிறது.

லேபே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டம். அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பிறந்த குழந்தைகளைக் கவனிக்க வைத்தார்கள். மூச்சை எண்ணுவது, எடை பார்ப்பது, உடம்புச் சூடு பார்ப்பது. தொற்று என்று தோன்றினால் ஜென்டாமைசின் ஊசியும் கோ-டிரைமாக்சசோல் மருந்தும். ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கவில்லை. மூன்று வருஷத்தில், பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால், பிறந்த குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்தது. 1999-ல் லான்செட் இதழில் வந்தது. பிறகு 2011-ல் அரசே நாடு முழுக்க வீட்டுக்கு வந்து பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது: ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வந்து பார்ப்பது.

நம் தமிழ்நாடு இதில் நல்ல நிலைமைதான். 2020-ல் ஆயிரம் குழந்தைகளுக்கு முதல் 28 நாளில் இறந்தது 9. இந்தியா முழுக்க 20. ஆனால் உவரியில் இருந்து பார்த்தால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கப்பல் மாதா கோயில் பக்கத்திலிருந்து புறப்பட்டால் திசையன்விளை, நாங்குநேரி வழியாகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். நாகர்கோவில் பக்கம் போனாலும் அதே கதை. லேபில் எவ்வளவு நல்ல மிஷின் இருந்தாலும், வீட்டில் ஒருவர் "இவன் நேற்று மாதிரி இல்லை" என்று சொன்ன பிறகுதான் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். மாந்தம் என்று ஆச்சி தப்பாகப் பெயர் வைத்தாலும், பிள்ளை பால் குடிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவள் அவள்தான்.

எங்கள் ஊரில் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குச் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று குடிக்காவிட்டால், எழுப்பியும் எழாவிட்டால், கை கால் மட்டும் இல்லாமல் வயிறும் சில்லென்று இருந்தால், அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுக்க எண்ணிப் பார்த்து மூச்சு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், நெஞ்சு உள்வாங்கினால், காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது துணியில் சுற்றி மடியில் வைப்பதைவிட, அம்மாவின் நெஞ்சோடு தோல் படும்படி சேர்த்து மேலே போர்த்திக்கொண்டு போவது நல்லது, சூடு குறையாது. முக்கியமாக, குழந்தை பிறந்த நேரத்தையும் முதல் தடவை பாலை மறுத்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ரத்தம் எடுத்த நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே வரும் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல முடியும்.